காற்றுக்கு எதிரே போன குதிரைகள்

அந்த வருஷத்துப் பனி யாரையும் விட்டுவைக்கவில்லை. கலிமாஷின் சொந்தக்காரர்கள் கண்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாட்ஸ்அப் குழு. நவம்பர் பிறந்ததிலிருந்து அதில் பிறந்தநாள் வாழ்த்தும் குழந்தைப் படங்களும் நின்றுபோய், பனிதான் ஓடியது. ஒரென்பர்க்கில் லாரி ஓட்டும் கொழுந்தன் கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியாக வெளியே குதிப்பதைப் படம் எடுத்துப் போட்டான். இரண்டு நாள் கழித்து அதே பனி அஸ்தானாவில் நாத்தனாரின் காரை மூடியது. அடுத்து கலிமாஷ் இருக்கும் சாரிபுலாக். அதற்கும் இரண்டு நாள் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் மங்கோலியாவில் அவள் அண்ணனுடைய ஒட்டகங்கள் முதுகு வெளுத்து நிற்கும்.

"அண்ணே, எங்க வேலை முடிஞ்சிது. அனுப்பி வச்சிருக்கேன், வாங்கிக்க" என்று அவனுக்குக் குரல் பதிவு அனுப்புவாள்.

"கூடப் பொறந்தவனுக்கு நல்லதா எதையும் அனுப்ப மாட்டியா நீ?" என்று பதில் வரும்.

நவம்பர் மாதத்தில் அவளுக்கு அப்படி விளையாட முடிந்தது. காரணம், அவளுக்குத் தன் முந்நூற்றுப் பத்து ஆடுகளைப் பற்றிக் கவலை இல்லை. அந்தக் கோடையில் மழை பொய்த்திருந்தது. அறுத்துப் போர் வைத்த புல் இருபது நாளைக்குக்கூடக் காணாது. ஆனால் வீட்டுக்குக் கிழக்கே இருக்கும் பள்ளத்தாக்கை, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஒரு குளம்புகூடப் படாமல் அவள் காத்து வைத்திருந்தாள். பக்கத்து ஊர் மாடுகளைக் கல்லால் அடித்து விரட்டினாள். மாட்டுக்காரர்களோடு சண்டை போட்டுத் தொண்டை கட்டியது. இடுப்பு உயரத்துக்குப் புல் நின்று, நின்ற வாக்கிலேயே காய்ந்தது. பனி விழுந்தாலும் அது அடியில் அப்படியே இருக்கும். எடுத்துத் தின்ன வழி இருந்தால் போதும்.

அந்த வழிதான் குதிரை. ஆட்டுக்குக் கணுக்கால் அளவு பனியைத்தான் கிளறத் தெரியும். குதிரை முழங்கால் பனியைக் குளம்பால் உடைத்து, மேல் புல்லைத் தின்றுவிட்டு நகரும். திறந்து கிடக்கும் இடத்தில் ஆடு புகுந்து மிச்சத்தை மேயும். குதிரை முன்னால், ஆடு பின்னால். இது தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. கலிமாஷிடம் இருந்தவை, பனியை உடைக்கத் தெம்பில்லாத ஒரு கிழட்டுச் சவாரிக் குதிரை போக, எட்டே எட்டுக் குதிரைகள். முந்நூறு ஆட்டுக்கு எட்டுக் குதிரை எந்த மூலைக்கு?

செப்டம்பரில் மகள் ரைகான் கைக்குழந்தையோடு வந்தாள். வந்ததும் வராததுமாகப் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, எங்க மாமனார்கிட்ட எழுபது குதிரை இருக்கு. அங்க புல்லே இல்ல. இங்க உன் பள்ளத்தாக்குல கொண்டு வந்து குளிர்காலத்தைக் கழிச்சா என்னன்னு கேக்குறாரு. அவரு குதிரைக்குப் புல்லு, உன் ஆட்டுக்கு வழி. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

"மார்ச் வரைக்கும் இருப்பாரா?"

"இருப்பாரும்மா. தானே கூட இருந்து பாத்துக்கறேன்னு சொல்றாரு. சக்கரம் வச்ச கூண்டு வீடு ஒண்ணு இழுத்துட்டு வந்து அங்கயே தங்கிடுவாராம்."

கலிமாஷின் கணவன் சகிந்திக், இரண்டு வருஷத்துக்கு முன் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவன், அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுத்தான். "உங்க மாமனார் வந்தா ஆடு தப்பிக்கும். நம்ம கறிப்பானை தப்பிக்குமான்னுதான் தெரியல."

மூவரும் சிரித்தார்கள். கேட்டது மகள். வருவது சம்பந்தி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கலிமாஷ் தலையாட்டினாள். அந்த வாரம் மாவட்டத்திலிருந்து புல் ஏற்றி வந்த லாரி வாசலில் நின்று கேட்டபோதும், வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

துய்சென்பாய் அக்டோபர் கடைசியில் வந்து சேர்ந்தார். ஆள் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. எந்த வீட்டு விருந்திலும், பெரிய விருந்தாளிக்கு வைக்கும் ஆட்டுத்தலை தன் முன்னால்தான் வைக்கப்படும் என்று தெரிந்து உட்காரும் மனிதர். வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மேட்டுச் சரிவில் கூண்டை நிறுத்தி, உள்ளே இரும்பு அடுப்பு போட்டுக்கொண்டார். கலிமாஷின் எட்டும் அவர் மந்தையோடு சேர்ந்தன. சொன்னது சொன்னபடி நடந்தது. முதல் புயல் முழங்கால் அளவு கொட்டியது. குதிரைகள் உடைத்துக்கொண்டு போக, பின்னால் ஆடுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு போயின. சாயங்காலம் துய்சென்பாய் வந்து, உப்புப் போட்ட பால் தேநீரை ஐந்து கிண்ணம் குடித்து, கறியைத் தின்று, சகிந்திக்கோடு கதை பேசிவிட்டுப் போவார். அவர் வந்தால் வீடு கலகலவென்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது, கலிமாஷுக்கு அவரைப் பிடித்திருந்தது.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி நடக்கக் கூடாதது நடந்தது. பனிக்கு நடுவே மழை பெய்தது. அரை நாள் சோவென்று பெய்து, விடிவதற்குள் உறைந்தது. தரை முழுக்க இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ் பொருக்கு. அந்த ஊரில் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஜுத். மந்தைகள் கூட்டம் கூட்டமாகச் சாவது. வாயால் சொன்னால் வந்துவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேற்கே இருந்து படங்கள் வர ஆரம்பித்தன. கொழுந்தனின் ஊரில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பக்கத்து மாவட்டத்தில் ஆடுகள் பொருக்கில் கால் கிழிந்து, ரத்தத் தடத்தோடு நின்றன.

கலிமாஷின் ஆடுகள் மட்டும் மேய்ந்தன. எழுபத்தெட்டுக் குதிரைகள் பொருக்கை உடைத்த சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. "சம்பந்தி மட்டும் இல்லன்னா இன்னைக்கு நாம நடுத்தெருவுல" என்று அவள் ரைகானிடம் போனில் சொன்னாள். வீட்டில் போனுக்குச் செய்தி மட்டும்தான் வரும், பேசுவதற்குக் குன்றின் மேலே ஏற வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை மகளுக்காக ஏறினாள்.

"ஆடெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் ரைகான் கேட்டாள்.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி எல்லார் போனிலும் எச்சரிக்கை வந்தது. இதுவரை வந்த இரண்டும் ஒன்றுமில்லை என்னும்படி மூன்றாவது ஒன்று, உரால் மலையைத் தாண்டி அஸ்தானாவையும் மூடிவிட்டது, விடிவதற்குள் இங்கே வந்து மூன்று நாள் அடிக்கும். அன்று துய்சென்பாய் சாப்பிட்டு முடித்து எழுந்தபோது கலிமாஷ் ஒரு மூட்டையைக் கட்டிக் கொடுத்தாள். வேகவைத்த கறி, எண்ணெயில் பொரித்த ரொட்டி, காய்ந்த தயிர்க்கட்டி.

"புயல்ல கூண்டுக்குள்ளயே அடைஞ்சு கிடப்பீங்க. மூணு நாளைக்கு வரும். இங்கயே தங்கிடுங்களேன் சம்பந்தி."

"குதிரையை யாரு பாக்குறது சம்பந்தியம்மா? மந்தை போற இடத்துக்குத்தானே மந்தைக்காரன் போகணும்" என்று சொல்லி மூட்டையை வாங்கி, முகர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

புயல் மூன்று நாள் அடித்தது. மேற்கிலிருந்து அடித்த காற்றில் வீட்டுக்கும் பட்டிக்கும் நடுவே கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு போய்த்தான் ஆடுகளுக்குப் புல் போட்டார்கள். நான்காம் நாள் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. கலிமாஷ் வெளியே வந்து பள்ளத்தாக்கைப் பார்த்தாள். ஒரு குதிரைகூட இல்லை.

அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, பயம்தான் வந்தது. குதிரை மந்தை புயலில் காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பிக்கும். காற்று நிற்கும் வரை நடக்கும். மந்தைக்காரன் கூடவே போக வேண்டும், விட்டுவிட்டு வந்தான் என்றால் ஊரில் தலை காட்ட முடியாது. போன மனிதர்கள் வசந்தத்தில் பனி உருகும்போது கிடைத்த கதைகள் அவளுக்குத் தெரியும். மேற்குக் காற்று என்றால் மந்தை கிழக்கே போயிருக்க வேண்டும். சம்பந்தி அறுபது வயது மனிதர், கனத்த உடம்பு, எங்கே விழுந்து கிடக்கிறாரோ.

"ஆட்டுக்கு நான் போட்டுக்கறேன். நீ போ" என்றான் சகிந்திக், கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டே.

வீட்டில் இருந்த ஒரே சவாரிக் குதிரை ஒரு வயசான சாம்பல் குதிரை. அதன் மேல் ஏறிக் கிழக்கே போனாள். வயிறு வரைக்கும் பனி. ஒவ்வொரு ஓடைப் பள்ளத்திலும் நின்று, "சம்பந்தி, சம்பந்தி" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு உதடு வெடித்தது. இருட்டும் முன் திரும்பி, மறுநாளும் போனாள். இரண்டு நாளில் அந்தக் கிழட்டுக் குதிரைக்குத் தின்னக் கொடுத்தது ஆடுகளின் பங்கு. அவள் அழுதாள் என்றும் சொல்ல வேண்டும். மகளிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று நினைத்துத்தான் அழுதாள்.

கிழக்கே எதுவும் இல்லை. எழுபத்தெட்டுக் குதிரை நடந்த வழியில் ஒரு சாண உருண்டைகூட இல்லாமல் இருக்குமா? இரண்டாம் நாள் மத்தியானம் திரும்பும்போது அவள் கூண்டின் பக்கம் குதிரையைத் திருப்பினாள். கதவைத் தள்ளினாள். அடுப்பில் சாம்பல் அள்ளிச் சுத்தமாக இருந்தது. படுக்கை இல்லை. கெண்டி இல்லை. புயலில் மந்தை பின்னால் அலறிக்கொண்டு ஓடுகிற மனிதன் மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டா ஓடுவான்?

அவள் கூண்டுக்கு மேற்கே போய், காலால் புதுப்பனியை உதைத்துத் தள்ளினாள். முழங்கால் ஆழத்தில், பழைய பொருக்கின் மேலே, சாணம். பத்து அடி தள்ளி மறுபடியும் சாணம். அதற்கப்பாலும். நேராக, மேற்கே, பெரிய ரோட்டுப் பக்கம். குதிரை தன்னால் ஒருபோதும் காற்றுக்கு எதிரே முகத்தைக் கொடுத்து நடக்காது. யாராவது பின்னால் இருந்து ஓட்டினால்தான் நடக்கும். சாணம் பொருக்கின் மேலே, புதுப்பனிக்குக் கீழே. அப்படியென்றால் புயலுக்கு முன். தான் கட்டிக் கொடுத்த மூட்டை வழிச் சாப்பாடாகப் போயிருக்கிறது என்று அவளுக்கு அங்கே நின்றபோது விளங்கியது. கொஞ்ச நேரம் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு குன்றின் மேல் ஏறி மகளுக்குப் போன் போட்டாள்.

"உங்க மாமனார் எங்கடி?"

அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரைகான், நான் ரெண்டு நாளா அவரைத் தேடிக்கிட்டு இருக்கேன். செத்துட்டாரோன்னு தேடறேன்."

"நீ எதுக்கும்மா தேடின?" என்றாள் ரைகான். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், குரல் தாழ்ந்தது. "மாமா நல்லா இருக்காரு. ரோட்டுல அஞ்சாறு லாரி வரச் சொல்லி எல்லாத்தையும் ஏத்தி, தெற்க மணல் பக்கம் கொண்டு போயிட்டாரு. அங்க பனி கம்மி."

"என் எட்டையும்?"

"எட்டையும்தான். நல்லா இருக்கு எல்லாம்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"எனக்கே அப்புறம்தாம்மா தெரியும். போய்ச் சேந்துட்டுத்தான் போன் பண்ணாரு. சத்தியமா."

கலிமாஷ் நம்பினாள். எதையாவது ஒன்றை நம்பினால்தான் குன்றிலிருந்து இறங்க முடியும் போலிருந்தது. சம்பந்தி கழுத்தறுத்துவிட்டார், சரி. பெற்ற பெண்ணுமா அறுப்பாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் இருந்த நல்ல புல்லையெல்லாம் அந்தக் குதிரைகள் தின்று முடித்திருந்தன. மிச்சம் மேட்டில், மார்பளவு பனிக்கும் பொருக்குக்கும் அடியில். கலிமாஷும், இடுப்பு வலியோடு சகிந்திக்கும் கடப்பாரையால் உடைத்தார்கள். இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க உடைத்தால் முப்பது ஆட்டுக்கு வாய் நனையும். போர் பத்தே நாளில் தீர்ந்தது. மாவட்டத்துக்குப் போன் போட்டால், ரோடு மூடியிருக்கிறது, திறந்ததும் புல் வரும் என்றார்கள். ஆடுகள் ஒன்றின் மேலிருந்த கம்பளியை ஒன்று பிய்த்துத் தின்றன. காலையில் பட்டிக் கதவைத் திறந்தால் நான்கு, ஏழு, ஒரு நாள் பத்தொன்பது. உரிக்கக்கூடத் தெம்பு இல்லாமல் சுவரோரம் அடுக்கினார்கள்.

"உங்க சம்பந்தி இருந்தா இந்நேரம் இதையும் தின்னு தீத்திருப்பாரு" என்றான் சகிந்திக் ஒரு நாள். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

குதிரைகள் போன இருபத்தாறாம் நாள் புல்டோசர் வந்து ரோட்டைத் திறந்தது. அதன் பின்னாலேயே ஒரு லாரியும் ஒரு காரும் வந்தன. லாரியிலிருந்து அவளுடைய எட்டுக் குதிரைகளும், அவற்றோடு பழுப்பு நிறத்தில் ஒரு நல்ல வண்டிக் குதிரையும் இறங்கின. காரிலிருந்து துய்சென்பாய், அவர் வம்சத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், குழந்தையோடு ரைகான். ரைகானின் கையில் துணியில் சுற்றிய பொட்டலம்.

பார்த்ததுமே கலிமாஷுக்கு விஷயம் விளங்கியது. தப்பு செய்தவன் ஒரு குதிரையும் ஒரு அங்கியும் கொண்டுவந்து, பெரியவர்கள் முன்னால் அங்கியைத் தோளில் போட வேண்டும். தோளில் விழுந்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிறகு அதை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. வாங்க மாட்டேன் என்று சொன்னவர்களை அவள் கேள்விப்பட்டதில்லை.

உள்ளே உட்கார்ந்தார்கள். துய்சென்பாய் இந்த முறை சிரிக்கவில்லை, தேநீரும் ஒரு கிண்ணத்தோடு நின்றது.

"எழுபது உசுரு சம்பந்தியம்மா. நின்னா எல்லாம் போயிருக்கும். உங்ககிட்ட சொன்னா விட மாட்டீங்க. உங்க எட்டையும் நான்தானே காப்பாத்தினேன்" என்றார்.

"ஆடு தொண்ணூத்தி ஏழு மிஞ்சியிருக்கு. அதையும் நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு சொல்லிடுங்க" என்றாள் கலிமாஷ்.

பெரியவர்களில் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார். "ஜுத் வந்தா மனுஷன் தடுமாறத்தான் செய்வான். இவன் தப்புன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கான். உன் பொண்ணு அந்த வீட்டுலதான் வாழணும். எழுந்து நில்லும்மா."

அவள் எழுந்து நின்றாள். மகளுக்காகத்தான் நின்றாள். ரைகான் பொட்டலத்தைப் பிரித்தாள். கரும்பச்சை வெல்வெட்டு, உள்ளே ஒட்டக மயிர் வைத்துத் தைத்தது. அம்மாவின் தோளில் போட்டாள். அளவு கச்சிதமாக இருந்தது. ஒரு கை மற்றதைவிட நீளம் அவளுக்கு. அந்த வித்தியாசம்கூடச் சரியாக வந்திருந்தது. கலிமாஷ் முன்புறத்தைத் தடவிப் பார்த்தாள். கழுத்திலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு தையல் வரிசை, முதுகிலும் கையிலும்கூட. மனதை உருக்கும் வேலை.

"யாரு தச்சது?"

"நான்தாம்மா."

"கையாலயா?"

"கையாலதான். மெஷின்ல தச்சா மரியாதை இல்லன்னு மாமா சொன்னாரு."

கலிமாஷின் விரல் வரிசைகளின் மேல் போய்க்கொண்டிருந்தது. அவளே ஒரு அங்கி தைத்திருக்கிறாள். ஒரு குளிர்காலம் பிடித்தது. அப்போது கையில் குழந்தை கிடையாது.

"இருபத்தாறு நாள்ல இதைத் தச்சியா?"

ரைகான் குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள்.

"எப்ப ஆரம்பிச்ச?"

ரைகான் மாமனாரைப் பார்த்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"மழை பெஞ்சு உறைஞ்சுதே, அதுக்கு அடுத்த வாரம்" என்றாள்.

"அப்ப குதிரை இங்க இருந்துது. எதுக்கு அங்கி?"

"தேவைப்பட்டாலும் படும்னு மாமா சொன்னாரு."

கலிமாஷ் கணக்குப் போட்டாள். டிசம்பர் கடைசி, ஜனவரி முழுக்க. வாரத்துக்கு இரண்டு முறை குன்றின் மேல் ஏறி நின்று அவள் சம்பந்தியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இவள் ஊசி கோத்திருக்கிறாள். ஆடெல்லாம் எப்படிம்மா இருக்கு என்று கேட்டுக்கொண்டே அடுத்த வரிசையை ஆரம்பித்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த லாரிப் புல்லைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம், பாதி ஆட்டை முன்பே வெட்டி உறையவாவது வைத்திருக்கலாம்.

"அம்மா, நான் அந்த வீட்டுலதானேம்மா இருக்கணும்" என்றாள் ரைகான், மெதுவாக.

மூத்தவர் அவசரமாகச் சொன்னார்: "தோள்ல விழுந்தாச்சு. இனிமே பேசக் கூடாது."

"பேசல பெரியவரே. அவரு பண்ணினதை இனிமே என் வாயால எடுக்க மாட்டேன்" என்றாள் கலிமாஷ்.

அங்கியின் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டாள். கம்பளிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அந்தப் பழுப்புக் குதிரையைப் பிடித்துச் சறுக்கு வண்டியில் பூட்டினாள். காலையில் செத்த ஆறு ஆடுகள் பட்டி வாசலில் விறைத்துக் கிடந்தன. முதல் ஆட்டை மார்போடு அணைத்துத் தூக்கினாள். அதன் வாயிலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் வடிந்து உறைந்தது வெல்வெட்டில் தேய்ந்தது.

ரைகான் வாசல் வரைக்கும் ஓடி வந்திருந்தாள்.

"அம்மா, கழட்டி வச்சுட்டுப் பண்ணும்மா. புது அங்கி, பாழாயிடும்."

"இதுக்குத்தானே தச்ச" என்று சொல்லிவிட்டு, கலிமாஷ் இரண்டாவது ஆட்டைத் தூக்கக் குனிந்தாள்.